நடுவானில் மோதினால் யார் பிழைப்பார்?

1971 ஜூலை 30. ஜப்பானின் வடக்கே சிதோசேயிலிருந்து டோக்கியோவுக்குப் புறப்பட்ட ஆல் நிப்பான் ஏர்வேஸின் போயிங் 727, ஷிசுகுயிஷி என்ற ஊருக்கு மேலே 28,000 அடி உயரத்தில் போய்க்கொண்டிருந்தது. அதே வானில் ஜப்பானிய வான்படையின் எஃப்-86 சேபர் போர் விமானங்கள் இரண்டு பயிற்சி செய்துகொண்டிருந்தன. ஒன்றில் ஆசிரியர், மற்றதில் மாணவர். மாணவர் ஓட்டிய விமானமும் பயணிகள் விமானமும் மோதின. 727-ல் இருந்த 162 பேரும் இறந்துபோனார்கள். மாணவர் பாராசூட்டில் இறங்கி உயிர் பிழைத்தார்.

இது தனிப்பட்ட ஒரு விதிவிலக்கு அல்ல. அதற்கு இரண்டு மாதம் முன்புதான், ஜூன் 6 அன்று, கலிஃபோர்னியாவின் சான் கேப்ரியல் மலைகளுக்கு மேலே ஹியூஸ் ஏர்வெஸ்ட் நிறுவனத்தின் டிசி-9 விமானமும் அமெரிக்க மரைன் படையின் எஃப்-4 ஃபாண்டம் ஒன்றும் மோதியிருந்தன. டிசி-9-ல் இருந்த 49 பேரும் ஃபாண்டமின் விமானியும் இறந்தார்கள். ஃபாண்டமின் பின்சீட்டில் இருந்த ரேடார் அதிகாரி மட்டும் தப்பினார். 1958 மே மாதம் மேரிலாந்தில் ஒரு டி-33 பயிற்சி ஜெட்டும் கேபிடல் ஏர்லைன்ஸின் வைக்கவுன்ட் விமானமும் மோதியபோதும் ஜெட்டின் விமானி ஒருவர்தான் பிழைத்தார். 2015-ல் தென் கரோலினாவில் எஃப்-16 ஒன்று குட்டி செஸ்னா விமானத்தில் மோதியது. செஸ்னாவில் இருந்த இருவரும் இறந்தார்கள், எஃப்-16 விமானி பத்திரமாக இறங்கினார்.

இப்படி வரிசையாகப் படித்தால் கொஞ்சம் கோபம்கூட வரும். ராணுவத்துக்காரர் மட்டும் எப்படித் தப்பிக்கிறார்? எப்போதும் அப்படி நடப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1958 ஏப்ரலில் லாஸ் வேகஸ் அருகே எஃப்-100 ஒன்றும் யுனைடெட் நிறுவனத்தின் டிசி-7 விமானமும் மோதியதில் போர் விமானத்தின் இருவர் உட்பட 49 பேரும் இறந்தார்கள். ஆனாலும் யாராவது ஒருவர் பிழைத்தார் என்றால், அவர் பெரும்பாலும் போர் விமானத்தில் இருந்தவராகத்தான் இருப்பார். முக்கியக் காரணம் அவர் உட்கார்ந்திருக்கும் இருக்கை.

இருக்கையே வெளியே பாயும்

போர் விமானத்தில் இருப்பது எஜெக்‌ஷன் இருக்கை. கால்களுக்கு நடுவிலோ பக்கத்திலோ ஒரு பிடி இருக்கும். அதை இழுத்தால் தலைக்கு மேலே உள்ள கண்ணாடி மூடி பறந்துபோகும், இருக்கைக்கு அடியில் உள்ள ராக்கெட் பற்றிக்கொண்டு ஆளை இருக்கையோடு மேலே வீசும், அப்புறம் பாராசூட் தானாக விரியும். எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும். தன் எடையைப்போல் பத்துப் பதினைந்து மடங்கு பாரம் அந்தக் கணத்தில் முதுகெலும்பில் இறங்குவதால், தப்பியவர்களில் சிலருக்கு முதுகெலும்பே அடிபடும். ஆனால் உயிர் இருக்கும்.

சரி, பயணிகளுக்கும் ஒரு பாராசூட் கொடுத்தால் என்ன? யாரிடம் விமான விபத்தைப் பற்றிப் பேசினாலும் இந்தக் கேள்வி வந்துவிடும். 35,000 அடியில் வெளியே வெப்பநிலை மைனஸ் 54 டிகிரி அளவில் இருக்கும். ஆக்ஸிஜன் இல்லாமல் அங்கே மனிதர் தெளிவாகச் செயல்படக்கூடிய நேரம் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம். அந்த நேரத்துக்குள், தலைகுப்புறச் சுழலும் விமானத்தில், 160 பேர் பாராசூட்டை மாட்டிக்கொண்டு வரிசையில் வந்து குதிக்க வேண்டும். பஸ் நின்ற பிறகு இறங்கவே நமக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று யோசித்துப் பாருங்கள். போர் விமானத்தில் இருப்பது ஒருவர் அல்லது இருவர். இருவரும் பயிற்சி பெற்றவர்கள், ஆக்ஸிஜன் முகமூடியோடும் தலைக்கவசத்தோடும் தலைக்கு மேலேயே கதவு இருக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள். இந்த ஏற்பாட்டை 160 பேருக்குச் செய்தால் அது பயணிகள் விமானமாக இருக்காது.

விமானம் முழுவதற்குமே ஒரு பெரிய பாராசூட் கட்டிவிடலாமே என்றால், சிறிய விமானங்களில் அது இருக்கிறது, வேலையும் செய்கிறது. 2021 மே மாதம் அமெரிக்காவில் டென்வர் அருகே சிர்ரஸ் எஸ்ஆர்22 என்ற சிறிய விமானமும் மெட்ரோலைனர் என்ற இரட்டை எஞ்சின் சரக்கு விமானமும் மோதின. சிர்ரஸ் தன் பாராசூட்டை விரித்துக்கொண்டு மெல்ல இறங்கியது. மெட்ரோலைனரின் உடல் முதுகுப்பக்கம் பிளந்து, உள்ளே இருப்பது வெளியே தெரியும் நிலையில் ஓடுபாதைக்கு வந்து சேர்ந்தது. இரண்டிலும் சேர்த்து மூன்று பேர். ஒருவருக்கும் காயமில்லை. அந்தப் படத்தைப் பார்த்தால் நம்ப முடியாது. ஆனால் சிர்ரஸின் எடை ஒன்றரை டன்னுக்குச் சற்று அதிகம். போயிங் 737-800 நிறைய ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது 79 டன். அதைத் தாங்கும் பாராசூட்டும், அதைச் சுமக்க வேண்டிய கூடுதல் பாரமும் கணக்குக்கு ஒத்துவராது.

எங்கே பட்டது?

ஆகப் பயணிகள் விமானத்தில் இருப்பவருக்கு ஒரே வழி, அந்த விமானம் தொடர்ந்து பறப்பதுதான். மோதிய பிறகும் ஒரு விமானம் பறக்குமா என்றால், பறந்திருக்கிறது. அதை முடிவு செய்வது பெரும்பாலும் எந்த இடத்தில் பட்டது என்பதுதான்.

மோதலின் வேகம் பெரியதாக இருந்தால்தான் நாசம் என்று நாம் நினைப்போம். ஷிசுகுயிஷியில் அப்படி இல்லை. இரண்டு விமானங்களும் ஏறக்குறைய ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தன. வேகத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. பின்னாலிருந்து வந்த 727-ன் வாலில், இடப்பக்கக் கிடைமட்ட இறக்கை, சேபரின் வலது இறக்கையில் பட்டது. அவ்வளவுதான். ஆனால் பட்ட இடம் வால்.

விமானத்தின் வாலை அழகுக்காக வைக்கவில்லை. விமானத்தின் மூக்கு இயல்பாகவே கீழே சாயப் பார்க்கும். வாலில் உள்ள சின்ன இறக்கை அதைப் பின்னாலிருந்து அழுத்திச் சமநிலையில் வைத்திருக்கிறது. பட்டம் விட்டவர்களுக்கு இது தெரியும். வால் அறுந்த பட்டம் தலைகுப்புறத்தான் வரும். 727-ம் அப்படித்தான் மூக்கைக் கவிழ்த்தது. அப்புறம் வேகம் ஏறிக்கொண்டே போனது, அந்த வேகத்தில் காற்றே விமானத்தைத் துண்டாக்கிவிட்டது. சான் கேப்ரியலில் வேறு கதை. அங்கே ஃபாண்டம் டிசி-9-ன் முன்பகுதியைக் கிழித்துக்கொண்டு போயிற்று. விமானிகள் உட்காரும் அறையே போன பிறகு பேசுவதற்கு எதுவும் இல்லை.

இறக்கையில் பட்டால்? எவ்வளவு தூரம் போயிற்று என்பதைப் பொறுத்தது. 2006 செப்டம்பரில் அமேசான் காட்டுக்கு மேலே 37,000 அடியில், கோல் நிறுவனத்தின் 737 ஒன்றும் லெகசி 600 என்ற சிறிய வணிக ஜெட்டும் நேருக்கு நேர் உரசிச் சென்றன. லெகசியின் இறக்கை முனையில் நிமிர்ந்து நிற்கும் சிறு தகடு ஒடிந்தது. அதே தகடு, எதிரே வந்த 737-ன் இடது இறக்கையைக் கத்திபோல் வெட்டிவிட்டது. 737 சுழன்று உடைந்து காட்டில் விழுந்தது. 154 பேர் மரணம். லெகசி தள்ளாடியபடி காட்டின் நடுவே இருந்த ஒரு விமானப்படைத் தளத்தில் இறங்கியது. அதிலிருந்த ஏழு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரே உரசல், ஒரே கணம். ஒன்றுக்கு நுனி போனது, மற்றதற்குப் பாதி இறக்கை. சிறிய விமானம்தான் நொறுங்கும் என்ற நம் கணக்கும் இங்கே தலைகீழாகப் போய்விட்டது.

1973 மார்ச்சில் பிரான்ஸின் நாந்த் அருகேயும் இதே போலத்தான். தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தும் சிவில் கட்டுப்பாட்டாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததால் ராணுவக் கட்டுப்பாட்டாளர்கள் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஐபீரியாவின் டிசி-9 ஸ்பான்டாக்ஸ் நிறுவனத்தின் கான்வேர் 990-ஓடு மோதி விழுந்து 68 பேர் இறந்தார்கள். கான்வேர், இறக்கையின் நுனி பறிபோன நிலையில், கோன்யாக் ராணுவத் தளத்தில் பத்திரமாக இறங்கியது.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த உதாரணம் ஒன்று உண்டு. அதில் ராணுவம் இல்லை, இரண்டுமே பயணிகள் விமானங்கள். ஆனாலும் மோதிய பின் என்ன செய்ய முடியும் என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் சம்பவம் எனக்குத் தெரியவில்லை. 1965 டிசம்பர் 4, நியூயார்க் மாநிலத்தின் கார்மல் ஊருக்கு மேலே. டிடபிள்யூஏ நிறுவனத்தின் போயிங் 707 பதினோராயிரம் அடியில். ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் பழைய விசிறி எஞ்சின் விமானமான கான்ஸ்டலேஷன் பத்தாயிரம் அடியில். இடையே ஆயிரம் அடி, போதுமான இடைவெளி. மேகத்திலிருந்து வெளியே வந்த ஈஸ்டர்ன் விமானிகளுக்கு, சரிந்து கிடந்த மேகக்கூட்டத்தின் மேல்விளிம்பு அடிவானம்போல் தெரிந்தது. அதை வைத்துப் பார்த்தால் 707 தங்கள் உயரத்திலேயே தங்களை நோக்கி வருவதுபோல் இருந்தது. தப்பிக்க நினைத்து மேலே இழுத்தார்கள். மோதாமல் போயிருக்க வேண்டியவை அப்படித்தான் மோதின.

707 இடது இறக்கையின் நுனியில் சுமார் 25 அடியை இழந்தது. விமானிகள் அதைக் கென்னடி விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் இறக்கினார்கள். கான்ஸ்டலேஷனுக்கு வாலில் அடி. மேலே கீழே திருப்பும் கட்டுப்பாடு போய்விட்டது. ஷிசுகுயிஷியைப் போல இதுவும் தலைகுப்புற விழுந்திருக்க வேண்டும். கேப்டன் சார்லஸ் வைட் எஞ்சின்களை வைத்தே விமானத்தை ஓட்டினார்: விசையைக் கூட்டினால் மூக்கு உயரும், குறைத்தால் தாழும். கையில் இருந்தது அது ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு மேகங்களுக்குள்ளே இறங்கி, ஒரு மலைச்சரிவில் புல்வெளியைக் கண்டுபிடித்து, அதில் விமானத்தை வயிற்றோடு இறக்கினார். 54 பேரில் 50 பேர் பிழைத்தார்கள். இறந்த நால்வரில் ஒருவர் கேப்டன் வைட். சிக்கிக்கொண்ட ஒரு பயணியை மீட்க எரியும் விமானத்துக்குள் திரும்பிப் போனவர் வெளியே வரவில்லை.

வாலில் பட்டும் இந்த விமானம் இறங்கியது எப்படி? அடி கொஞ்சம் குறைவு, வால் முழுவதும் போகவில்லை. வேகமும் உயரமும் ஜெட் விமானத்தைவிடக் குறைவு. பத்தாயிரம் அடி என்பது தரையை எட்டுவதற்குள் எதையாவது முயன்று பார்க்கும் அளவு நேரத்தையும் கொடுத்தது. அதிர்ஷ்டமும் இருந்தது, திறமையும் இருந்தது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

போர் விமானங்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் ஏமாற்றுக்காரர்கள். 1983-ல் இஸ்ரேலிய எஃப்-15 ஒன்று பயிற்சியில் இன்னொரு போர் விமானத்தோடு மோதி, ஒரு பக்க இறக்கை கிட்டத்தட்ட முழுதும் போன நிலையில் தரையிறங்கியது. கசிந்த எரிபொருள் படலமாக மறைத்ததால் இறக்கை இல்லாததே விமானிக்குத் தெரியவில்லை. அகன்ற தட்டையான உடலும் இரண்டு முரட்டு எஞ்சின்களும் அதைத் தூக்கிப் பிடித்தன. குழாய்போன்ற உடல் கொண்ட பயணிகள் விமானத்திடம் இதை எதிர்பார்க்க முடியாது.

அவ்வளவு பெரிய வானத்தில் எப்படி?

பிழைப்பது இவ்வளவு கடினம் என்றால் மோதாமல் இருப்பதுதான் ஒரே பாதுகாப்பு. அப்படியிருக்க, இவ்வளவு வேகமான, கூர்மையான ரேடார் உள்ள போர் விமானம் ஒரு பெரிய பயணிகள் விமானத்தைப் பார்க்காமல் போவது எப்படி?

வானில் இரண்டு விதமாகப் பறக்கிறார்கள். பயணிகள் விமானங்கள் தரையிலிருந்து ஒருவர் சொல்லச் சொல்லப் பறக்கும். மற்றவர்கள், வானிலை தெளிவாக இருந்தால், தங்கள் கண்ணை நம்பிப் பறக்கலாம். பார், விலகு, அதுதான் விதி. 1971-ல் அந்த ஃபாண்டம் அப்படித்தான் பறந்தது. தரை ரேடாருக்குத் தன்னை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டர் அதில் வேலை செய்யவில்லை. ஆக்ஸிஜன் கசிவு இருந்ததால் உயரமாகவும் போக முடியவில்லை, பயணிகள் விமானங்கள் இருக்கும் சுமார் 15,000 அடியிலேயே வந்தது. டிசி-9-ஐக் கவனித்த கட்டுப்பாட்டாளருக்கு அங்கே இன்னொரு விமானம் இருப்பதே தெரியாது.

கண்ணை நம்புவதில் உள்ள சிக்கலைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு விமானங்கள் தலா 900 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிரே வந்தால், இடைவெளி நொடிக்கு 500 மீட்டர் குறையும். ஒரு விமானி இன்னொரு விமானத்தைக் கண்டு, ஆபத்து என்று உணர்ந்து, முடிவெடுத்து, விமானம் உண்மையில் திரும்புவதற்கு 12.5 நொடி ஆகும் என்கிறது அமெரிக்க விமானத்துறையின் வழிகாட்டுதல். அப்படியென்றால் ஆறு கிலோமீட்டருக்கு அப்பாலேயே பார்த்துவிட வேண்டும். அவ்வளவு தூரத்தில் பத்து மீட்டர் அகலமுள்ள போர் விமானம், கையை நீட்டிப் பிடித்த ஒரு கசகசா அளவுதான் தெரியும்.

அதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. நம் கண் அசைவதைத்தான் சட்டென்று பிடிக்கும். ஆனால் நேர்க்கோட்டில் வந்து மோதப்போகும் விமானம் கண்ணாடியில் அசையாது. அது ஒரே இடத்தில் புள்ளியாக நிற்கும், கடைசி சில நொடிகளில் திடீரென்று பெரிதாகும். அசைகிற விமானம் விலகிப் போய்விடும். அசையாமல் நிற்பதுதான் ஆபத்து.

சரி, ரேடார்? போர் விமானத்தின் ரேடார் எதிரி ஜெட்டைத் தேடுவதற்காகச் செய்யப்பட்டது. மெதுவாக ஊரும் செஸ்னாவைத் தேடுவதற்கு அல்ல. பயணிகள் விமானங்களில் உள்ள டிகாஸ் என்ற எச்சரிக்கைக் கருவி பெரும்பாலான போர் விமானங்களில் கிடையாது. அந்தக் கருவியும் சுற்றிலும் உள்ள விமானங்களின் டிரான்ஸ்பாண்டர்களோடு பேசித்தான் அவை எங்கே என்று தெரிந்துகொள்கிறது. பதில் சொல்லாத விமானம் அதற்கு இல்லாத விமானம்.

நிர்வாகமும் ஒரு காரணம். 1958-ல் லாஸ் வேகஸில் மோதிய டிசி-7-ஐ ஒரு துறை வழிநடத்தியது, எஃப்-100-ஐ நெல்லிஸ் விமானப்படைத் தளம் வழிநடத்தியது. ஒருவருக்கு மற்றவர் செய்வது தெரியவில்லை. ஒரு மாதத்துக்குள் இரண்டு மோதல்கள் நடந்த பிறகுதான், அந்த ஆண்டு ஆகஸ்டில், இரு தரப்புக்கும் பொதுவான விமானத்துறை அமைப்பை உருவாக்கும் சட்டம் அமெரிக்காவில் வந்தது. ஷிசுகுயிஷிக்குப் பிறகு ஜப்பானில் பாதுகாப்புத் துறைத் தலைவர் பதவி விலகினார், பயிற்சி வான்வெளிகள் பயணப் பாதைகளிலிருந்து பிரிக்கப்பட்டன. நம் நாட்டில் 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரியில் இரண்டு சிவில் விமானங்கள் மோதி 349 பேர் இறந்ததிலும் இதன் நிழல் உண்டு. டெல்லியைச் சுற்றியுள்ள வான்வெளியில் பெரும்பகுதி விமானப்படையிடம் இருந்ததால், வருகிற விமானத்துக்கும் போகிற விமானத்துக்கும் அப்போது ஒரே பாதைதான்.

பொடோமாக் ஆறு

2025 ஜனவரி 29 இரவு வாஷிங்டனில் நடந்ததில் இதுவரை சொன்ன எல்லாமே இருந்தன. கேன்சஸின் விச்சிட்டாவிலிருந்து வந்த சிஆர்ஜே-700 பயணிகள் விமானம் ரீகன் விமான நிலையத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. ராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் பொடோமாக் ஆற்றின் கரையோரப் பாதையில் வந்தது. அந்தப் பாதையில் ஹெலிகாப்டருக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச உயரம் 200 அடி. மோதல் நடந்ததோ சுமார் 300 அடியில். கட்டுப்பாட்டாளர், விமானம் தெரிகிறதா என்று ஹெலிகாப்டரிடம் கேட்டார். தெரிகிறது, நாங்களே விலகிக்கொள்கிறோம் என்று பதில் வந்தது. மறுபடியும் கண்தான். அதுவும் இரவில், ஊரின் விளக்குகளுக்கு நடுவில்.

தன் இருப்பிடத்தை ஒலிபரப்பும் கருவி ஹெலிகாப்டரில் இயங்கவில்லை. பயணிகள் விமானத்தின் டிகாஸ் சுமார் இருபது நொடிக்கு முன்பு அருகில் விமானம் இருப்பதாக எச்சரித்தது. ஆனால் ஏறு, இறங்கு என்று கட்டளையிடும் பகுதி சுமார் ஆயிரம் அடிக்குக் கீழே வேலை செய்யாது. தரைக்கு அருகில் இறங்கு என்று சொல்லிவிட்டால் ஆபத்து என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள்.

கார்மலில் கேப்டன் வைட்டுக்குக் கிடைத்த பத்தாயிரம் அடி இங்கே கிடையாது. 300 அடியிலிருந்து ஒரு கல்லைப் போட்டால் நான்கு நொடியில் தண்ணீரைத் தொடும். விமானத்தில் இருந்த 64 பேரும் ஹெலிகாப்டரில் இருந்த மூவரும் இறந்தார்கள். ராணுவத்துக்காரர்தான் பிழைப்பார் என்பதும் இங்கே பொய்த்தது. ஹெலிகாப்டரில் தலைக்கு மேலே விசிறி சுழலும்போது இருக்கையோடு மேலே பாய முடியாது. (ரஷ்யாவின் காமோவ் கா-52-ல் முடியும். அதில் முதலில் விசிறி இதழ்களை வெடிவைத்துக் கழற்றிவிட்டு அப்புறம்தான் ஆளை வெளியே இழுக்கும்.)

விசாரணையில் வந்த எண்கள்தான் எனக்கு அதிகம் உறுத்தின. 200 அடியில் சரியாகப் பறந்தாலும், அந்த ஓடுபாதையில் இறங்கும் விமானத்துக்கும் ஹெலிகாப்டருக்கும் இடையே சில இடங்களில் 75 அடிதான் இருந்திருக்கும். 2021 அக்டோபரிலிருந்து 2024 டிசம்பர் வரை அந்த விமான நிலையத்தில் ஹெலிகாப்டர்களும் பயணிகள் விமானங்களும் ஒரு கடல் மைலுக்கும் குறைவான தூரத்தில், 400 அடிக்கும் குறைவான உயர வித்தியாசத்தில் வந்தவை 15,214 முறை பதிவாகியிருந்தன. அவற்றில் 85 முறை மிக மிக அருகில். 2025 மார்ச்சில் அந்தப் பாதையின் அப்பகுதியை நிரந்தரமாக மூடினார்கள்.

அதே விமான நிலையத்தில், அதே ஆற்றை ஒட்டி, 1949 நவம்பர் 1 அன்றும் இறங்க வந்த ஒரு பயணிகள் விமானம் மோதலில் சிக்கியது. ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் டிசி-4. மோதியது பொலிவியா வாங்கவிருந்த பி-38 போர் விமானம், அதைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் பொலிவிய ராணுவ விமானி. பயணிகள் விமானத்தில் இருந்த 55 பேரும் இறந்தார்கள். பி-38 விமானி பலத்த காயங்களோடு ஆற்றிலிருந்து மீட்கப்பட்டார்.